காவல் சாமியின் முதுகு

கடற்கரைக் கோயிலில் பூசிய சிமெண்டில் கால்தடம் இருந்தது. கொத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் எவனோ ஈரத்தரையில் நடந்து வேலையைக் கெடுத்திருக்கிறான். கரணையோடு குனிந்தவர், தடம் கடல் பக்கத்துப் படியில் தொடங்கி, காவல் சாமியின் முதுகை ஒட்டியே நடந்து, தெருவாசலில் இறங்கியதைக் கண்டார். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது. அதிலிருந்து அழுகிய பாசியின் நாற்றம் மெல்ல எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

அவர் தம்பிக்கும் கிடையாது. சின்ன வயதில் நங்கூரம் விழுந்து போனது. போன வருஷம் தம்பியே கடலோடு போய்விட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தத் தெருவின் கடைசி வீடு கொத்தனாருடையது. மனைவியும் மகளும் தனியாக இருந்தார்கள்.

விளக்கேற்ற வந்த பூசாரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாமியை யாருய்யா இப்படித் திருப்பி வச்சது?"

"நான்தான். தரை போடத் தூக்கினோம்ல? வர்றவங்க எத்தனை நாளைக்குத்தான் முதுகையே கும்பிடுவாங்கன்னு..."

"அடப்பாவி! அவரு ஊரைப் பாக்கவா நிக்கிறாரு? கடல்ல போனவங்க கரையேறாம பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அவரு கண்ணு முன்னால எதுவும் தாண்டாதுய்யா!"

இருவரும் மண் சாமியைக் கட்டிப்பிடித்துத் திருப்பினார்கள். முட்டைக் கண்கள் மறுபடி கடலைப் பார்த்தன. அலையின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, சித்தப்பா வந்திருக்காரு. போட்டோல இருக்கிற சித்தப்பா."

"அம்மா எங்கம்மா?"

"தூங்குறாங்க. கூப்பிட்டா எந்திரிக்கல. வாயெல்லாம் தண்ணி."

"வெளிய ஓடும்மா! ஓடு!"

"அம்மாவைத் தூக்கிக்கிட்டு இப்பதான் கிளம்பினாருப்பா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு. கடலுக்குப் போற வழியை நீங்க அடைச்சிட்டீங்களாம். இனிமே நம்ம வீட்லதானாம்."

கொத்தனார் சாமியின் மேல் பாய்ந்தார். தோள் கொடுத்து முட்டினார். பூசாரியும் முட்டினார். அசையவில்லை. துளிகூட.

போனில் தாழ்ப்பாள் விழுந்தது. ஈரக்கால் சத்தம். நெருங்கி. இன்னும் நெருங்கி.

"அப்பா," மகள் சிரித்தாள். "சித்தப்பா என்னைத் தூக்கி வச்சிருக்காரு. கை ஜில்லுன்னு இருக்கு."