வெளியேறிய நேரம்

அந்தக் கேள்வியை மூன்றாவது கொம்பியூட்டர் நான்காவது நாளாகவும் கேட்டது. கடந்த முறை பாதியில் நின்றுவிட்டது, அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்கவா, புதிதாகத் தொடங்கவா? அன்ரோனெற் ஒவ்வொரு நாளும் 'புதிதாக' என்பதைத்தான் அழுத்தினாள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகும் போகாத விருந்தாளியைப் போல, மறுநாள் காலையும் அது வந்து நின்றது.

மன்னார் பட்டினத்தில் அந்த நெற் கஃபே மூன்று கொம்பியூட்டர்களும் ஒரு மின்விசிறியும் கொண்ட ஒற்றை அறை. சொந்தக்காரர் வஸீர் நானா புத்தளத்தில் இருந்தார்; கடையைப் பார்த்துக்கொண்டவள் அன்ரோனெற். 2008 ஆனியில் ஒருநாள் வந்து மூன்றிலும் புது பிரவுசரைப் போட்டார். "பழசு இனி இல்ல தங்கச்சி. இதத்தான் பழகணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பழகுவதாம். எந்தப் பொத்தானும் இருந்த இடத்தில் இல்லை. ஓர் எழுத்தைத் தட்டினாலே, யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் கீழே சரிந்து விழுந்தது. கேட்காமலே சொல்லும் வாய் அதற்கு.

அந்த ஊரில் அந்த நாட்களில் அப்படி ஒரு வாய் ஆகாது. வருகிறவர் எல்லோரும் கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கொம்பியூட்டர் இலக்கம், வந்த நேரம், வெளியேறிய நேரம் எழுத வேண்டும். சீருடையில் சோதனைக்கு வருகிறவர்கள் அதை வரிவரியாகப் பார்ப்பார்கள். அதனால் பின்னேரம் கடை பூட்டும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவது அவளுடைய வழக்கம். செய்தி தேடியவர், காணாமல் போன பிள்ளையின் பெயரைத் தேடியவர் எல்லோரும் அவளை நம்பித்தான் வந்தார்கள்.

புதியதிலும் 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். சரியா என்று கேட்டது, ஓம் என்றாள். அது இறக்கிய படங்களின் பட்டியலை மட்டுமே அழிக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பேசாலையைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ரைன் மூன்றாவதில் இருந்து தடைசெய்யப்பட்ட செய்திப் பக்கத்தைப் பார்த்தான். பிறகு பாரிசில் இருக்கும் தமையனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. "நாளைக்கு வந்து முடிக்கிறன் அக்கா" என்றவன், வெளியேறிய நேரத்தை எழுதாமலே போய்விட்டான். கரண்ட் திரும்பியதும் அவள் வழக்கம்போல அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கடையைப் பூட்டினாள். மறுநாள் காலை சீருடைக்காரன் ஒருவன் மூன்றாவதில் ஓர் எழுத்தைத் தட்டினான். பட்டியல் விழுந்தது. அவன் திரும்பிக் கொப்பியைப் பார்த்தான். அன்று பின்னேரமே, தாராபுரம் வீதியில் இலக்கத் தகடு இல்லாத வான் வண்டியில் யாரோ கொன்ஸ்ரன்ரைனை ஏற்றிப் போனார்கள். சைக்கிள் மட்டும் கிடந்தது.

தன் விரல்தான் அவனைப் பிடித்துக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் அவள் 'திரும்பத் திற' என்பதை அழுத்தினாள். வெளியே வெயில் காய்ந்தது, காற்று உப்பையும் கருவாட்டு மணத்தையும் அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது, மின்விசிறி ஒரே இடத்தில் வந்து வந்து கிறீச்சிட்டது. திரையில் அவனுடைய கடிதம் விரிந்தது. அண்ணா, நான் சுகம், அம்மாவும் சுகம், மழையில்லை. அதோடுதான் கரண்ட் போயிருந்தது. ஆனால் கடிதம் அதோடு நிற்கவில்லை.

அண்ணா, இஞ்ச இருட்டு. தண்ணி கேட்டனான், தரேல்லை.

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். யாரும் தொடவில்லை. கதிரை வெறுமையாக இருந்தது. அதன் பிளாஸ்டிக் இருக்கை மட்டும் நனைந்திருந்தது. ஈரச் சீமெந்தின் மணம், அந்த வெயிலில். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிறவனுக்கு வருவதைப் போல. கொன்ஸ்ரன்ரைன் அப்படித்தான் தட்டுவான்.

அன்ரோனெற் அக்கா, அழிச்சுப்போடாதேங்கோ. இது ஒண்டுதான் எனக்கு மிச்சம்.

வஸீர் நானாவுக்குப் போன் எடுத்தாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முழுக்க அழிப்பது எப்படி என்று மட்டும் கேட்டாள். அவர் பொத்தான் பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தார். இதைப் பத்து நாளைக்கு முதல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

சந்தியில் ஜீப் சத்தம் கேட்டது. அவர்கள்தான். அந்தக் கடிதத்தைக் கண்டால் அடுத்தது அவள். அக்கா, அக்கா, அக்கா என்று திரை நிரம்பிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அழித்தாள்.

அவர்கள் வந்தார்கள். ஓர் எழுத்தைத் தட்டினார்கள். பட்டியல் விழவில்லை. கொப்பியை ஒரு தரம் புரட்டிவிட்டுப் போனார்கள். ஜீப் சத்தம் பாலத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகவே அழுதாள்.

மூன்றாவது மெசின் கேட்டது. திரும்பத் திறக்கவா?

அவள் மவுஸைத் தொடவில்லை. பக்கங்கள் தாமாகவே திறந்தன. இரண்டு. முதலாவதில் வெள்ளை மட்டும். இரண்டாவது ஒரு கடிதம். வேகமாக வந்தது. பத்து விரலாலும் தட்டுகிற ஒருவரின் வேகம். அந்தக் கடையில் அப்படித் தட்டத் தெரிந்தவள் ஒருத்திதான்.

வஸீர் நானா, இந்த மெசினை அழிச்சுப்போடாதேங்கோ. இஞ்ச நானும் கொன்ஸ்ரன்ரைனும் இருக்கிறம்.

வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. ஜீப் இல்லை. எஞ்சினை நிறுத்தவில்லை. கதவு இழுபடும் சத்தம்.

கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. மை காயவில்லை. அவளுடைய கையெழுத்து. அவளுடைய அடையாள அட்டை இலக்கம். மூன்றாவது கொம்பியூட்டர். வந்த நேரம், பகல் பதினொன்று இருபது. சுவரில் மணி பதினொன்று இருபது.

வெளியேறிய நேரம், வெறும் கட்டம்.