ரெண்டு சின்னது, ஒரு பெருசு

பட்டறைத் தரையில் அந்த ஒரு வண்டிக்கு அடியில் மட்டும் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகவில்லை, பட்டறைக்காரி ஏணி போட்டு ஏறித் தடவியே பார்த்துவிட்டாள். மழை பெய்தும் பல நாளாகிவிட்டது. பழுதுக்கு வந்த மற்ற ஸ்கூட்டர்களின் சக்கரங்களில் புழுதி அப்பிக் கிடக்க, சுவரோரம் நின்ற அந்த நீல ஸ்கூட்டரின் டயர்களிலிருந்து மட்டும் சேற்றுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, துருவும் சாக்கடையும் கலந்த வாடையோடு வாசல் பக்கமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. பழந்துணியை எடுத்துத் துடைத்தாள். நேற்றும் துடைத்தாள். முந்தாநாளும் துடைத்தாள்.

அது அவள் மகளின் வண்டி. போன மழையில், வேலை முடிந்து வரும்போது, ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று தெரியாமல் இறங்கிவிட்டாள் அந்தப் பெண். மறுநாள் வண்டியை எடுத்தார்கள். அப்புறம் அவளை எடுத்தார்கள். மின்சார ஸ்கூட்டர் பழுது பார்த்தே பிழைக்கிற தாய்க்கு வேறு என்ன செய்யத் தெரியும்? துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போனபிறகு வண்டியைப் பிரித்து, உலர்த்தி, ஒவ்வொரு ஒயராகத் துடைத்து மறுபடி பூட்டினாள். ஓடியது. பாழாய்ப்போன வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அன்றைக்கே பாட்டரியைக் கழற்றி அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

பாட்டரி இல்லாத அந்த வண்டிதான் சாயங்காலமானால் சத்தம் போட்டது.

பீப். பீப். பீ...ப்.

ரெண்டு சின்னது, ஒரு பெருசு. மகள் தானே எழுதி வண்டியின் சிப்பில் ஏற்றி வைத்த சத்தம். வண்டியை அணைத்ததும் ஒலிக்கும். நான் வந்துட்டேன், கதவைத் திறங்க என்று அர்த்தம். "மணி அடிக்கக்கூட உனக்குக் கை வலிக்குதாக்கும், மகாராணி!" என்று தாய் கத்துவாள். தகப்பன் மட்டும் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். செல்லம் கொடுத்துக் கெடுத்ததே அந்த மனுஷன்தான்.

இப்போதும் ஓடினார். பட்டறை கீழே, வீடு மேலே. சத்தம் கேட்டதும் படிகளில் தடதடவென்று இறங்கி, தெருக்கதவைத் திறந்து, ஆளில்லாத தெருவைப் பார்த்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "பாப்பா வந்துட்டா. வண்டியை நிறுத்திட்டு வருவா" என்பார். சோறு வேண்டாம், மாத்திரை வேண்டாம். இந்த இதயம் இப்படி ஓடினால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகள்தான் போய்விட்டாள், இருக்கிற ஒரு உயிரையும் அந்தச் சத்தம் தின்னப் பார்க்கிறது என்று அவளுக்குப் பட்டது. அதை அழித்துவிடுவதென்று முடிவு செய்தாள்.

வெயில் தாழ்வதற்குள் உட்கார்ந்தாள். கால் வைக்கும் பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டில் நாலு மெல்லிய ஒயர்களைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினாள். அந்த ஒயர் வழியாக வரும் மின்சாரம் சிப்பைக் கண்விழிக்க வைக்க மட்டும் போதும். சக்கரத்தை ஒரு நூல்கூட அசைக்காது. பழசைக் காப்பி எடுக்காமல் புதுசை ஏற்றுவது அவள் தொழிலில் கிடையாது. இன்றைக்கு அது தொழில் பழக்கம் மட்டுமா? பெற்ற வயிறு கேட்குமா? மகள் கையால் எழுதியதில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். காப்பி எடுத்தாள். 'பாப்பா' என்று அதற்குப் பேர் வைத்தாள்.

திரையில் பச்சைக் கோடு நீள நீள, அந்தத் துருவாடை தொண்டைக்குள் இறங்குகிற அளவுக்கு ஏறியது. மூடியிருந்த ஷட்டரின் இடுக்கில் விழுந்த வெயில் மங்கியது. எங்கோ ஆழத்தில் தண்ணீர் வாயைத் திறந்து மூடுகிற சத்தம் அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அவள் கண்ணெதிரே வண்டியின் சீட் அமுங்கியது. மெதுவாக, ஒரு ஆள் உட்காருகிற மாதிரி. ஸ்பிரிங் முனகியது. பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது.

"கண்ணு?" என்றாள்.

சீட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அழிக்கும் பொத்தானை அமுக்கினாள்.

பீப். பீப்.

பெருசு வரவில்லை. சீட் மேலே எழும்பியது. கம்பெனி எழுதிய பழைய புரோகிராமான ஃபர்ம்வேரை ஏற்றி முடித்துவிட்டு, அவள் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்று அவர் ஓடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். விடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, நேத்து பாப்பா வரலியே. நீ ஏதாவது திட்டினியா?"

"ஏங்க, அவ இனி வரமாட்டா. எந்திரிங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

"நான் அவகிட்ட என்ன தப்பு செஞ்சேன்?" என்று குழந்தை மாதிரி தேம்பினார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓடினாலும் போய்விடுவார், ஓடாவிட்டாலும் போய்விடுவார் போலிருக்கிறதே என்று தள்ளிய தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கீழே வந்தாள். போகட்டும், வந்து போகிற குழந்தை வந்து போகட்டும். லேப்டாப்பைத் திறந்து 'பாப்பா'வை ஏற்றுவதற்குத் தயாராக எடுத்து வைத்தாள். ஒயரைக் கையில் எடுத்த நேரம், ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

உணவு டெலிவரி கம்பெனியின் ஆள். எந்நேரமும் பல்லைக் காட்டுவதால் சிரிப்பு என்றே பேர் விழுந்துவிட்டது. ஹெல்மெட்டிலும் ஒரு மஞ்சள் சிரிப்பை வரைந்து வைத்திருப்பான். பின்னால் வேன் நிறைய ஸ்கூட்டர்கள்.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். எல்லா வண்டியும் பேசி வெச்ச மாதிரி நடுரோட்டுல படுத்துக்குது. கம்பெனி புது ஃபர்ம்வேர் அனுப்பியிருக்கு, பென்டிரைவ்ல இருக்கு. மழை வர்றதுக்குள்ள ஏத்திக் குடுங்க."

"பாட்டரி எங்கப்பா? ஓட்டிப் பாக்க வேணாமா?"

"ஆபீஸ்ல சார்ஜ் ஏறுது. நீங்க ஏத்தினா ஓடாம போகுமா என்ன? அக்கா, கண்ணெல்லாம் செவந்திருக்கே, தூங்கலியா? எனக்கும் அதே கதைதான். பொண்ணு பொறந்திருக்கா. ராத்திரியெல்லாம் கச்சேரி!"

அவள் சிரிக்க முயன்றாள். பென்டிரைவை வாங்கிச் செருகினாள். மாடியில் அவர் தேம்புகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காது அங்கே, கை இங்கே. ஒயரைச் செருகு, பொத்தானை அமுக்கு, உருவு, அடுத்த வண்டி. கடைசி வண்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு சிரிப்பு கிளம்பும்போது வானம் கருத்திருந்தது. "புள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல்லு" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அவள் மாடிக்குப் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூனால் கஞ்சி கொடுத்துப் பார்த்தாள். கடைவாயில் வழிந்தது. "கொஞ்சம் பொறுங்க, இன்னிக்கு அவ வருவா" என்று மனசாரச் சொன்னாள். கீழே போய் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று எழுந்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, மழைச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்காமல் தெரு அடங்கிக் கிடந்தது.

பீப். பீப். பீ...ப்.

அவர் கண் திறந்தார்.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கீழே ஓடினாள். நீல ஸ்கூட்டர் சுவரோரம் நின்றது. அடியில் தரை காய்ந்திருந்தது. அதில் அவள் இன்னும் எதையும் ஏற்றவேயில்லை.

மறுபடியும் பீப் சத்தம். தெருவிலிருந்து.

லேப்டாப்பைத் தட்டினாள். திரை விழித்தது. ஏற்றுவதற்கு எடுத்து வைத்த ஃபைல் காலையில் வைத்தபடியே நின்றது. பாப்பா. பென்டிரைவைச் செருகியிருந்தாளே தவிர, அதிலிருந்த ஃபைலை எடுத்திருக்கவேயில்லை. காலையிலிருந்து வண்டி வண்டியாக ஏற்றியது கம்பெனி ஃபர்ம்வேர் இல்லை. மகளை.

மகள் வருகிற வழி ஒன்றுதான். சுரங்கப்பாதை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஐயோ. அந்தப் பையன்.

போனை எடுத்தாள். சிரிப்பின் நம்பரைப் போட்டாள். மணி போனது. அவள் காதில் போனது. வாசலிலும் போனது.

ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்தாள். வாசலை ஒட்டி ஒரு ஸ்கூட்டர். டெலிவரிப் பெட்டி பிய்ந்து தொங்கியது. சேறு. பாசி. கண்ணாடிக் கம்பியில் ஒரு ஹெல்மெட் ஆடியது. மஞ்சள் சிரிப்பு. ஹேண்டிலில் மாட்டிய போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடித்தது. அவன் இல்லை. சீட் அமுங்கியிருந்தது.

அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. விளக்குகள் வரிசையாகத் தெருமுனை திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒரு வண்டியில் கால்பலகையில் ஒற்றைச் செருப்பு. எதிலும் ஆள் இல்லை. எல்லா சீட்டும் அமுங்கியிருந்தது.

ஒவ்வொன்றாக நின்றது. ஒவ்வொன்றாக அணைந்தது.

படியில் தடதடவென்று காலடி.

"ஏங்க! வேணாங்க! திறக்காதீங்க!"

கத்தினாள். அவர் தெருக்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு, எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. கறுப்புத் தண்ணீர் வாசலைத் தாண்டி அவர் பாதத்தை நனைத்தது. தெரு நிறைய இருட்டில் நின்றவற்றைப் பார்த்து அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"உள்ள வா கண்ணு, நனைஞ்சுட்டே நிக்கிறியே."

சீட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழும்பின.