ஆற்றுப் படத்தில் நீந்திய நாய்

"அண்ணை, திங்கக்கிழமைக்குள்ள அது கிடைக்காட்டிப் பொலிசுக்கு எழுதிக் குடுப்பினமாம்," என்றாள் சிவகலா. குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள்.

2011 நவம்பர், ஒரு சனிக்கிழமை பின்னேரம். எம்மன்புரூக்கே என்ற ஊரில் உள்ள தம்பித்துரையின் ஒற்றை அறைக்கு வழக்கமாக வருகிறவர் பஸ் ஓட்டுநர் குணசேகரம் ஒருவர்தான். அவரும் அங்கே இருந்தார். தம்பித்துரை இருபது வருடமாக அரச அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர். பிறர் சொல்வதில் ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார் என்பதால், சிக்கல் வந்தால் சனம் அவரிடம் வரும். சிக்கல் தீர்ந்தால் வராது.

"எது கிடைக்காட்டி?"

"நாயின்ரை கழுத்துப்பட்டி."

குணசேகரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாய்ப்பட்டிக்கோ பொலிஸ்?"

"சிரியாதேங்கோ அண்ணை. அடுத்த மாதம் எனக்குக் குடியுரிமை நேர்காணல். களவெண்டு ஒரு கடுதாசி போனால், பதினாறு வருசமும் தண்ணியிலை."

வெள்ளிதோறும் அவள் துப்புரவாக்குவது கெல்லர் என்ற கிழவரின் வீடு. தொலைக்காட்சி புதிதாக வந்த காலத்தில் அவர் நாய் பழக்கியவர். அவருடைய நேரோ 1963இல் ஒரு ஞாயிறு தொடரில் நடித்து நாடெங்கும் பெயரெடுத்தது. பித்தளைத் தகடு பதித்த கழுத்துப்பட்டி ஒன்று கண்ணாடி அலுமாரியில் இருந்தது. அன்று காலை அதைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக நூதனசாலை ஆள் வந்தபோது, அலுமாரி வெறுமை. பூட்டு உடையவில்லை. திறப்பு இருக்கும் இடம் சிவகலாவுக்குத் தெரியும். கெல்லரின் பெறாமகன், தம்பியின் மகன் உர்ஸுக்கு, அவளைக் கள்ளி என்று சொல்ல அது போதுமாக இருந்தது.

"கெல்லர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ரை முகத்தைப் பாக்கவுமில்லை."

"நேற்று நீர் செய்த வேலையெல்லாம் ஒழுங்காய்ச் சொல்லும்."

"தூசி தட்டினன். கீழை ஒரு மணித்தியாலம் உடுப்புத் தோய்ச்சன். பாண் வாங்கினன். அவர் கட்டி வைச்ச பார்சலைத் தபாலிலை போட்டன். லா ஷோ-து-ஃபோனுக்கு, என்ரை மச்சாள் அங்கை இருக்கிறதாலை ஊர்ப்பேர் ஞாபகம். ரசீதை அவரிட்டைக் குடுத்திட்டு வந்திட்டன்."

ஞாயிறு காலை மூவரும் கெல்லர் வீட்டுக்குப் போனார்கள். உர்ஸ் நிற்கவைத்தே கதைத்தான். தம்பித்துரை சுவரைப் பார்த்தார். பத்துப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் கறுப்பு நாய்.

"எல்லாம் நேரோதானோ?" என்று டொச் மொழியில் கேட்டார்.

"ஒரே நாய். டூப்பே கிடையாது. பெரியப்பா அதைப் பேட்டிகளில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்," என்றான் உர்ஸ்.

"படம் பிடிக்கும்போது எங்கே நிற்பீர்கள், ஹெர் கெல்லர்?"

கிழவரின் முகத்தில் முதல்தரம் ஒரு வெளிச்சம். "கமராவுக்கு வலப்பக்கம். நாய் தன்னைப் பழக்கினவரைத்தான் பார்க்கும். வேறு ஆரையும் பாராது."

"உங்கள் மனைவியும் நாய் பழக்கினவரோ?"

"ஓம், பெரியம்மாவும் பழக்கினவதான். தொடர் வந்த வருசமே விட்டுப் போய்விட்டா. அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றான் உர்ஸ்.

தம்பித்துரை கதிரையை இழுத்துக் கெல்லரின் எதிரே இருந்தார்.

"ஒன்பது படத்தில் நாய் வலப்பக்கம் பார்க்கிறது. ஒன்பதிலும் கழுத்து வெறுங்கழுத்து. பத்தாவது, ஆற்றில் நீந்துகிற படம். அதில் மட்டும் பித்தளைத் தகட்டோடு கழுத்துப்பட்டி இருக்கிறது. அதில் நீங்களும் வலக்கரையில் நிற்கிறீர்கள், ஹெர் கெல்லர். நாய் உங்களைப் பார்க்கவில்லை. இடப்பக்கம், படத்துக்கு வெளியே, வேறு ஆரையோ பார்க்கிறது."

குணசேகரத்தால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அது வேறை நாய்!"

"வேறை நாய், வேறை ஆள் பழக்கினது. அந்தப் பட்டியும் நேரோவினது இல்லை. கண்காட்சிக்குப் போனால் நேரோ பெயரில் கிடக்கும். அது பொறுக்காத ஒருவர், ஆள் வருவதற்கு முதல்நாள் பார்சல் கட்டியிருக்கிறார்." அவர் தமிழுக்கு மாறினார். "தங்கச்சி, பட்டியை வெளியிலை கொண்டுபோனது நீர்தான். அவர் தந்துவிட்ட பார்சலுக்குள்ளை."

கெல்லர் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். பெறுபவர், விட்டுப்போன மனைவி தோரா கெல்லர், லா ஷோ-து-ஃபோன்.

"நேரோவுக்குத் தண்ணீர் பயம்," என்றார். "தோராவின் நாயைக் கேட்டேன். ஆறு பெருகியிருந்தது, வேண்டாம் என்றாள். இயக்குநர் அவசரப்பட்டார், நான் அதை ஆற்றில் இறக்கினேன். இரண்டு தரம் நீந்தியது. மூன்றாம் தரம் கரைக்கு வரவில்லை. அடுத்த நாள் பத்திரிகைக்காரரிடம் டூப் இல்லை என்று சொன்னேன். பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை."

"இந்தப் பெண்ணைக் கள்ளி என்றபோதும் முடியவில்லையோ?"

கெல்லர் பேனையை எடுத்து உர்ஸின் பக்கம் தள்ளினார்.

தம்பித்துரை சொல்லச்சொல்ல உர்ஸ் எழுதினான்: பட்டி களவு போகவில்லை, சிவகலாமேல் எந்தக் குற்றமும் இல்லை. கெல்லரும் அவனும் கையெழுத்திட்டார்கள். சிவகலா அதை இரண்டுதரம் வாசித்து மடித்தாள். பிறகு வீட்டுத் திறப்பை மேசையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை?" என்றார் கெல்லர்.

"வரமாட்டேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருந்தீர்கள்."

அவளும் குணசேகரமும் படியிறங்கினார்கள். உர்ஸும் விடைபெறாமல் போனான். தம்பித்துரையும் எழுந்தார். அவருக்கும் அன்று போவதற்கு அவசரமான இடம் ஒன்றுமில்லை. திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"அந்த நாயின் பெயர் என்ன?"

நாற்பத்தெட்டு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. கிழவரின் உதடு இரண்டுதரம் அசைந்தது.

"மினா," என்றார். சொல்லிவிட்டு, கூப்பிட்டால் வரும் என்பதுபோலக் கதவுப் பக்கம் பார்த்தார்.