உறையாத மண்

சாக்குக்குள் இருந்த மண் உறைந்திருக்கவில்லை. மூட்டைகளை டிக்கிக்குள் சரிசெய்தபோது கெஸ்கிலின் கைக்கு அது தெரிந்தது. தடித்த கையுறையைத் தாண்டியும் மண் பொதபொதவென்று அமுங்கியது. எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் இறுகிவிடும் குளிர். ஒரு வாரமாக அந்த வண்டியிலேயே கிடந்த மூட்டைகள் கல்லாகியிருக்க வேண்டும். நின்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. பின் இருக்கையில் மகள் குன்னேய் சிவப்புப் போர்வைக்குள் காய்ச்சலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்று ஊர்ச் செவிலி சொல்லிவிட்டாள். வலி சட்டென்று நின்றால்தான் நீ பயப்பட வேண்டும் என்றும் சொன்னாள். தாயில்லாத பிள்ளை. அவனுக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

பின்சக்கரம் தள்ளும் பழைய ஜிகுலி கார் அது. காலியாகப் பனியில் போனால் வளைவுக்கு வளைவு பின்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் ஊரில் எல்லோரும் முதல் பனிக்கு முன்பே ஆற்றுமணலை மூட்டை கட்டி டிக்கியில் போட்டுவிடுவார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று கெஸ்கில் தள்ளிப்போட்டான்; அதற்குள் நிலம் இறுகிவிட்டது. அதன்பின் அந்தச் சீமையில் உதிரி மண் கிடைக்கும் இடம் ஒன்றுதான். யாராவது இறந்தால், நெருப்பு மூட்டி நிலத்தை இளக்கி, இளகியதைத் தோண்டி, மறுபடியும் மூட்டி, அப்படித்தான் குழி வெட்டுவார்கள். போன வாரம் குதிரை மேய்க்கும் யெகோருக்குக் குழி வெட்டப் போனவர்களில் கெஸ்கிலும் ஒருவன். தோண்டிய மண் ஒரு பிடி விடாமல் குழிக்கே திரும்ப வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேடு கட்டி மிஞ்சியதை இவன் சாக்கில் அள்ளினான். கூடக் குழி வெட்டிய மிச்சில் என்பவன் இவன் கையைப் பிடித்தான்.

"வேணாம்ணே. அவரு மண்ணு. அவருக்கே போட்டுடு."

"பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, தனிக்கட்டை. அவருக்கு எதுக்குடா இவ்ளோ மண்ணு?"

மிச்சில் சிரிக்கவில்லை.

மதியம் தாண்டியதுமே பொழுது சாய்ந்துவிட்டது. இருபுறமும் ஊசியிலை மரங்கள், சக்கரத்துக்கடியில் பனி கீச்சிடும் சத்தம், கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல வளரும் உறைபனி. வண்டி கொஞ்சமும் வழுக்கவில்லை. தண்டவாளத்தில் போவதுபோல் போனது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் முன்விளக்கின் வெளிச்சம் பாதையில் விழவில்லை என்பதைக் கவனித்தான். அது மரங்களின் உச்சியில் விழுந்துகொண்டிருந்தது. மூன்று மூட்டைக்குப் பின்பக்கம் இவ்வளவு தாழாது.

ஆற்றங்கரையில் காவலாளி வண்டியை மறித்தான். டிசம்பர் தொடக்கம், வண்டிகள் மேலேயே ஓடிக் கடக்கும் ஆறு இன்னும் முழுதாக உறைந்து இறுகவில்லை.

"காலி வண்டியத்தான் விடுறேன். பின்னாடி என்னப்பா, முழுக் குதிரையவா வெட்டி ஏத்திருக்க? தரையத் தொடுது."

கெஸ்கில் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டான். எப்போதும்போல, சீட் பெல்ட் போடாதே, பனி உடைந்தால் குதிக்க வேண்டும், நடுவில் நிற்காதே, நின்றால் பனிக்கட்டி தாங்காது என்று காவலாளி சொல்லிவிட்டுக் குடிலுக்குள் போனான். கெஸ்கில் வண்டியைக் கிளப்பினான். வெளிச்சம் கீழே இறங்கவில்லை. அது இப்போது வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கில் பனி பிடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனே அதை நம்பவில்லை.

ஆற்றின் மேல் காற்றில்லை. கரை பின்னால் மறைந்தது, எதிர்க்கரை இன்னும் தெரியவில்லை, நடுவில் வெளிறிய மூட்டமும் இஞ்சின் முனகலும் மட்டும். பெட்ரோல் வாடையோடு இன்னொரு வாடையும் மெல்ல ஏறியது. ஈர மண். அணைந்த நெருப்பு. குதிரை வியர்வை.

"அப்பா."

"வலிக்குதாடா?"

"இல்ல. வலி போயிடுச்சு."

செவிலி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி வேகம் எடுக்கவில்லை.

"தள்ளிப் படுன்னு சொல்றாருப்பா."

"யாரு?"

"குதிரை மாமா. அவருக்கு இடம் பத்தலயாம்."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியை விரலால் வழித்தான். குன்னேய் கதவோடு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் இருக்கையின் நடுப்பகுதி ஆழமாக அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் அமுங்கியது.

கீழே பனிக்கட்டி விரிசல் விட்டது. நீண்ட, தாழ்ந்த சத்தம். வண்டிக்கடியில் தொடங்கி எங்கோ ஓடியது.

நிற்க முடியாது. திரும்பிப் பார்க்க முடியாது.

"யெகோர் அண்ணே," என்றான். "தப்புதான். உங்க மண்ண நாளைக்கே கொண்டாந்து போட்டுடுறேன். ஒரு பிடி விடமாட்டேன். இது பச்சப்புள்ளண்ணே. இறங்கிடுங்க."



மறுபடி விரிசல். மிக அருகில்.

பிறகு, பின்கதவு திறந்தது. குளிர் உள்ளே பாய்ந்து அவன் பிடரியைத் தொட்டது. கதவு மூடியது. மெதுவாக, பழக்கப்பட்டவர் மூடுவதுபோல.

வெளிச்சம் சட்டென்று பாதையில் விழுந்தது. பின்பக்கம் எகிறியது. ஸ்டியரிங்கில் பிடிப்பு வந்தது. சக்கரம் சுழன்றது, வண்டி இடமும் வலமும் வழுக்கியது. அந்த வழுக்கலுக்காக அவன் வாய்விட்டு அழுதான். போய்விட்டார். இறங்கிவிட்டார். எதிரே கரை தெரிந்தது. மேட்டில் ஆஸ்பத்திரியின் மஞ்சள் ஜன்னல்கள்.

"வந்துட்டோம்டா கண்ணு. வந்தாச்சு."

கரையேறி நிறுத்தினான். இறங்கிப் பின்கதவைத் திறந்தான். பின்னால், ஆற்றின் மேல், பனி கீச்சிடும் சத்தம் கேட்டது. யாரோ நடக்கிறார்கள். கனமான காலடி ஒன்று. அதன் பக்கத்தில் சின்னக் காலடி. இரண்டும் வந்த கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

இருக்கையில் சிவப்புப் போர்வை, தலைவரை ஒழுங்காக மூடி, அவள் நீளத்துக்கு மேடாக இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டுப் போர்வையை விலக்கினான்.

மண். இறுகாத, கறுத்த மண். உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். காய்ச்சல் சூடு இன்னும் இருந்தது.