தரையோடு தவழ்வது

படுத்திருந்தால் நாற்றம் அடித்தது. எழுந்து நின்றால் இல்லை.

அது மெத்தையின் குற்றம் என்றுதான் பாஸிலியா முதலில் நினைத்தாள். மருத்துவமனைச் சலவையறையில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து, பகலில் தரையில் மெத்தை விரித்துத் தூங்குகிறவள் அவள். லா பாஸ் நகரின் மலைச்சரிவில் மதியம் ஆலங்கட்டி மழை கொட்டியதும் அதோடு மின்சாரம் போனதும் அரைத்தூக்கத்தில் காதில் விழுந்திருந்தன. இப்போது கண் விழித்தபோது உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலில் அந்தி கறுத்துக்கொண்டிருந்தது. தலை கனத்தது. தலையணையோரம் அழுகிய முட்டையும் வெந்த முட்டைக்கோசும் கலந்தாற்போல ஒரு வாடை. உட்கார்ந்தாள், மெலிந்தது. நின்றாள், நனைந்த மண்ணின் வாசனை மட்டும்தான். மறுபடி மண்டியிட்டு முகத்தைத் தரைக்குக் கொண்டுபோனாள். அது அங்கேயே படுத்திருந்தது.

மெழுகுவர்த்தியை நிறுத்தித் தீக்குச்சியை உரசப்போன கை பாதியில் நின்றது.

ஏதோ சீறிக்கொண்டிருந்தது.

பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை அது. கிழக்குப் பக்கம் சுவர் இல்லை, பலகைத் தடுப்புதான். அதற்கு அப்பால் வீட்டுச் சொந்தக்காரர் நிக்கானோரின் சாமான் அறை. அங்கே ஓர் இறைச்சி ஃப்ரீசர் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலோடுதான் பாஸிலியா தூங்கப் பழகியிருந்தாள். இன்று மின்சாரம் இல்லாததால் அது வாயை மூடியிருந்தது. அந்த அமைதியில்தான் பலகைக்குப் பின்னாலிருந்து அந்த மெல்லிய, விடாத, மூச்சு வாங்காத சீறல் கேட்டது.

ஊரில் எரிவாயு கிடைக்காமல் தெருத்தெருவாக வரிசை நின்ற வாரம் அது. நிக்கானோர் எங்கிருந்தோ ஒரு வண்டி நிறைய சிலிண்டர்களைக் கொண்டுவந்து அந்த அறைக்குள் உருட்டித் தள்ளியிருந்தார். நிறுத்தி வைக்க இடமில்லை. விறகுக் கட்டைகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தார்.

"ஐயா, இதெல்லாம் திறந்த வெளியில, நிமிர்த்தி வைக்கிற சாமான். பள்ளத்துல, பூட்டின அறையில வைக்கவே கூடாதுன்னு வண்டிக்காரனே கத்திட்டுப் போறானே," என்று பாஸிலியா அன்றே சொல்லிப் பார்த்தாள்.

"முற்றத்துல வச்சா விடியறதுக்குள்ள எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். நீ வந்து காவல் காப்பியா?" என்று சிரித்தார் அவர். "அது தூங்குது. நீயும் தூங்கு, போ."

அவள் தீப்பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். செத்துப்போன கைபேசியின் சார்ஜரைப் பிடுங்கினாள். விளக்கின் சுவிட்ச் போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தவள், தவறித் தட்டிவிடுவோமோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள். வெளியே போய்விட்டால் போதும்.

இரும்புக் கதவு அசையவில்லை.

தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளியே ஒரு புதுப் பூட்டு நிதானமாக ஆடிக் கதவில் தட்டியது. சிலிண்டர் வந்ததிலிருந்து நிக்கானோர் எதையும் பூட்டாமல் விடுவதில்லை. ஞானஸ்நானத்தில் தான் ஏந்திய ஞானமகனின் கல்யாணத்துக்குக் கிளம்பியவர், அவள் சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

உள்ளங்கையால் கதவை அறைந்தாள். "யாராவது இருக்கீங்களா?"

ஜன்னலைத் திறந்துவிட்டாள். கம்பிகளுக்கு நடுவே குளிர் காற்று முகத்தில் பட்டது. ஆனால் இது புகையில்லை, மேலே ஏறிப் போக. தண்ணீரைப்போலத் தரையில் நிரம்புகிறது. போர்வையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பலகையின் அடியிடுக்கில் திணித்தாள். திணிக்கும்போது தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வழிந்தது. சீறல் கொஞ்சம் அமுங்கியது. நிற்கவில்லை.

நாற்காலிமேல் ஏறி நின்றாள். சற்று நேரம் கழித்துக் குனிந்து மோந்து பார்த்தாள்.

வாடை இல்லை.

"மாதாவே," என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. போர்வை தடுத்துவிட்டது! இன்னும் கீழே குனிந்தாள். தரைவரை குனிந்தாள். எங்குமே வாடை இல்லை. ஆனால் சீறல் அப்படியே இருந்தது. ஈரமண் வாசனையும் இல்லை. சோப்புக்கட்டியை மூக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்கும் வாசனை இல்லை.

மரத்துப்போனது அவள் மூக்கு.

அப்போது கதவடியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது அசைந்தது. படியிறங்க இறங்க அகலமானது.

"பாஸிலியா அக்கா? நீங்களா கத்தினீங்க?" நிக்கானோரின் மருமகள் நெலி. கையில் மெழுகுவர்த்தி.

"இறங்காத! நெலி, அங்கேயே நில்லு! மேல போ!"

"என்னக்கா, பேயா பிசாசா? ஏன் இப்படி..."

"கேஸ்டீ! கேஸ் ஒழுகுது! மேல போய் அணை!"

மஞ்சள் கோடு நடுங்கியது. பின்வாங்கியது. மெலிந்து மறைந்தது. பிறகு நெலியின் குரல் ஜன்னல் பக்கம் வந்தது, மூச்சிரைத்தபடி.

"அணைச்சிட்டேன்க்கா. சாவி மாமாகிட்டதான். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறார், அங்க பேண்டு வாத்தியம். தீயணைப்புக்காரங்களுக்குச் சொல்லிட்டேன், கீழ ரோட்டுல மண் சரிஞ்சு கெடக்குதாம். பட்டறை ரொமூலோ அறுக்கிற மெஷினோட வரேங்கறார், பேட்டரியில ஓடுமாம்."

"அறுத்தா பொறி பறக்கும்டீ."

வர வேண்டாம் என்று நெலி ரொமூலோவிடம் போனில் சொல்வது கேட்டது.

"வீட்டு ஜனங்கள வெளிய கூட்டிட்டுப் போ. குழந்தையத் தூக்கிக்கோ."

"தூக்கியாச்சுக்கா. எல்லாரும் சர்ச்சு வாசல்ல." பிறகு அழுதாள். "உங்கள விட்டுட்டு எப்படிக்கா..."

பாஸிலியா பலகையைப் பார்த்தாள். இருட்டில் பலகை தெரியவில்லை. அதற்குப் பின்னால் ஃப்ரீசர் இருந்தது. எரிவாயு முட்ட முட்ட நிறைந்த அறையில், பிளக் செருகியபடி, மின்சாரம் வந்ததும் பொறி தெறித்து ஓடக் காத்துக்கொண்டு.

"நெலி, கரண்ட் எப்ப வரும்?"

"இப்ப வந்துடும்னு சொல்றாங்க."

"மீட்டர்! மீட்டர் பெட்டி எங்க இருக்கு?"

"தெருமுனையில. அதுக்கும் மாமா பூட்டுப்..."

"உடை! கல்லால உடைச்சு சுவிட்ச இறக்கு! ஓடு!"

செருப்புச் சத்தம் ஈரக்கல்லில் ஓடித் தேய்ந்தது.

நாற்காலிமேல் நின்று கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள். எதிர்மலை ஒரே கறுப்பாக இருந்தது. வீடு எது, பாறை எது என்று தெரியாத கறுப்பு. கீழே, பள்ளத்தாக்கின் அடியில், யாரோ ஒரு சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாய் குரைத்தது. தெருமுனையில் கல் இரும்பில் மோதியது. ணங். ணங்.

பள்ளத்தாக்கின் அடியில் வெளிச்சம் வந்தது.

ஒரு தெரு மட்டும். அங்கிருந்து ஆரவாரம் எழுந்தது, "வந்துருச்சு!" என்று. கைதட்டல். அடுத்த தெருவிலும் விளக்கு எரிந்தது. அடுத்த ஆரவாரம். வெளிச்சம் படிப்படியாக, ஒவ்வொரு பேட்டையாக, சரிவில் ஏறி வந்தது.

ணங். ணங்.

"நெலி!"

சந்தைத் தெரு. கைதட்டல்.

சர்ச்சுக் கோபுரம்.

எதிர் வரிசையில் ஒரு பெண் தன் ஜன்னலுக்கு வந்தாள். பின்னாலிருந்து விளக்கு பளிச்சென்று எரிய, அவள் கைகளைத் தூக்கிக் கூத்தாடினாள். கம்பிக்குள்ளிருந்து கத்தும் பாஸிலியாவைப் பார்த்தாள். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்து, சிரித்துக் கையாட்டினாள்.

ணங்.

அந்த வீட்டின் வெளிச்சம் தெருவைத் தாண்டி வந்து, பாஸிலியாவின் விரல்களில் மஞ்சளாக விழுந்தது.

பலகைக்குப் பின்னால் ஃப்ரீசர் ஒருமுறை தொண்டையைச் செருமியது.