மூன்று மைக்ரோநொடி முன்னால்

செவ்வாய்தோறும் காலை பத்து மணி ஆகப்போகிறது என்றால் கருவேலூர் மாவட்டமே பேச்சை நிறுத்திவிடும். கடைக்காரர் தராசைக் கீழே வைப்பார். பத்தடிக்கும் அந்தக் கணத்தில் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாகத் தலைநகரில் முந்தல் பதிவு திறக்கும். கல்லூரி இடம், மருத்துவமனைப் படுக்கை, மாற்றுச் சிறுநீரகம், எதுவானாலும் அவரவர் விண்ணப்பப்பொறி மனுப் போடும். முந்திய மனுவுக்குத்தான் கிடைக்கும். நேரத்துக்கு மாமன் மச்சான் கிடையாது என்று சொல்லித்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சிபாரிசு ஒழிந்ததென்று ஊரும் மகிழ்ந்தது.

சூரியப்புயலில் செயற்கைக்கோள்கள் கெட்டுப்போனபின் ஒவ்வொரு மாவட்டமும் தன் மனுக்களுக்குத் தானே நேரமுத்திரை குத்திக்கொண்டது. கருவேலூர் நேரநிலையத்தில் அதற்காக மூன்று சீசியம் கடிகாரங்கள் ஓடின. மூன்றில் எந்த இரண்டு ஒத்துப்போகின்றனவோ, அவை சொல்வதே நேரம். வருடத்துக்கொரு முறை தலைநகரிலிருந்து பயணக்கடிகாரம் வந்து சரிபார்த்துவிட்டுப் போகும்.

தமயந்தி அங்கே அளவு திருத்துபவள். அந்தத் திங்கள்கிழமை காலை, பல மாதங்களாக ஒத்துவராத மூன்றாம் கடிகாரத்தின் மூடியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். சீசியத்தை ஆவியாக்கும் அடுப்பின் சூடு சரி. அணுக்கற்றை சரி. அணுக்களைச் சுற்றி ஒரு மெல்லிய காந்தப்புலம் மாறாமல் நிற்க வேண்டும். அது அசைந்தால் நொடியின் நீளமே அசையும். அதையும் அளந்தாள். அதுவும் சரி.

"இன்னுமா அதோட மல்லுக்கட்டுற?" என்றபடி வந்தார் நிலையத் தலைவர் ராஜமன்னார்.

"சார், இதுல ஒரு குறையும் இல்ல. மத்த ரெண்டையும் அளந்து பார்க்கட்டுமா?"

"ரெண்டும் ஒத்துத்தானம்மா ஓடுது? ஒத்து ஓடுறத எவனாவது சோதிப்பானா?"

தமயந்தி சோதித்தாள். இரண்டிலுமே காந்தப்புலம் குறைந்திருந்தது, ஒரே அளவுக்கு. நிமிர்ந்து பார்த்தாள். இரண்டின் நெற்றியிலும் சரஸ்வதி படம்.

போன ஆயுதபூஜைக்கு ராஜமன்னாரே தேடி வாங்கி ஒட்டிய படங்கள் அவை. சந்தனம் குங்குமம் வைத்தால் பொறிக்குள் பொடி போகும், ஆணி அடிக்கவோ அனுமதி கிடையாது. அதனால் பின்புறம் முழுக்க வலுவான காந்தத்தகடு வைத்த படங்களாக வாங்கியிருந்தார். மூன்றாம் கடிகாரம் அன்றைக்குக் கம்பி மாற்றுவதற்காகப் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது. பூஜையில் அது விட்டுப்போயிற்று.

தமயந்தி கணக்குப் போட்டாள். நாளொன்றுக்கு ஒன்பது நானோநொடி மெதுவு. பதினொரு மாதத்தில் கிட்டத்தட்ட மூன்று மைக்ரோநொடி. கடிகாரம் பின்தங்கினால் மனுவில் விழும் முத்திரை உண்மையான நேரத்துக்கு முந்திவிடும். கருவேலூருக்கு யோகம் அடித்திருக்கிறது என்று வருடம் முழுக்க ஊர் பேசியதன் பொருள் அதுதான்.

ராஜமன்னார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அம்பாள் குடுத்ததுன்னுல்ல நெனச்சேன்."

அவள் படங்களைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கடிகாரக் கவசங்களில் தங்கியிருந்த காந்தத்தையும் நீக்கினாள். இப்போது மூன்றும் ஒரே வேகத்தில் ஓடின. ஆனால் ஏற்கெனவே பின்தங்கிய மூன்று மைக்ரோநொடி அப்படியே நின்றது. அதைக் கையால்தான் தள்ளியாக வேண்டும்.

"விட்டுடும்மா," என்றார் ராஜமன்னார். "பயணக்கடிகாரம் அடுத்த மாசம் வருது. வந்து அவங்களே தள்ளிக்கட்டும். நாளைக்கு செந்தூரன் பேரு இருக்குல்ல?"

இருந்தது. மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பில் கிடக்கும் அவள் தம்பி. மாற்றுச் சிறுநீரகத்துக்கு மனுப்போட மருத்துவர்கள் இந்த வாரம்தான் அனுமதித்திருந்தார்கள்.

"நம்ம முன்னால போனா வேற யாரோ பின்னால போவாங்க, சார்."

"அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியக்கூடாதுன்னுதானே இந்தச் சட்டமே."

அவர் எழுந்தார். "நான் டீ குடிக்கப் போறேன். வர்றப்ப மணி என்னவோ அதுதான் மணி."

கதவு சாத்தியபின் தமயந்தி விசைப்பலகையை அருகே இழுத்தாள். தள்ள வேண்டிய எண்ணை அழுத்திப் பதிவேட்டில் கையெழுத்திட்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குச் செந்தூரன் அழைத்தான்.

"அக்கா, ஒன்பதாவது. மூணு பேருக்குத்தான் குடுக்கிறாங்க."

பழைய நேரப்படி அவன் எங்கே நின்றிருப்பான் என்று அவள் ஏற்கெனவே கழித்துப் பார்த்துவிட்டிருந்தாள். முதலாவது.

"அடுத்த வாரம் பார்ப்போம்டா."

"எத்தனை வாரம்னு எனக்கு இருக்கோ. ஆமா, இன்னிக்கு நம்ம ஊர்ல ஒருத்தருக்குமே எதுவும் விழலையாமே? உங்க கடிகாரத்துக்குப் பேதி கண்டிருச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா நான் ஏன் ஒன்பதாவது வர்றேன்?" என்று சிரித்தான்.

புதன்கிழமை காலை ராஜமன்னார் ஒரு கத்தைத் தாளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பொதுமக்கள் புகார். "பதினொரு மாதமாகச் சரியாக ஓடிவந்த மாவட்ட நேரம் நேற்று முதல் பழுதடைந்துள்ளது. உடனடியாகப் பழைய நிலைக்குத் திருத்தித் தரவேண்டும்." கீழே நாலாயிரம் பெயர்கள்.

புகாரிலும் முந்தல் முறைதான். கையெழுத்திட்ட நேரம் நானோநொடிவரை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருந்தது, அவள் திருத்திய கடிகாரத்தின் முத்திரையோடு. ஒரு பிசகும் இல்லை.

இந்த முறை செந்தூரன்தான் முதலாவது.