சாக்யாவில் உயர்த்திய வாசல்

லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒட்டியிருந்த அந்த வீட்டுக்கு யோகராஜா திரும்பி வந்தது 1988ஆம் ஆண்டு, இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மழைநாள் மத்தியானம். கதவைத் திறந்தவள் அவருடைய தங்கை வசந்தமலர். முதுகில் அதே பழைய நீலப் பையோடு அண்ணன் நிற்கக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ கிழமையாக ஒரு தபாலட்டைகூட வந்திருக்கவில்லை.

"அண்ணை! ஒரு போனாவது எடுத்திருக்கலாமெல்லோ?"

"வந்திட்டன்தானே," என்றார்.

சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அவரோடு கூடவே ஒரு மணமும் வந்தது. பழைய வெண்ணெயும் கருகிய இலையும் கலந்த மணம்.

யோகராஜா கலியாணம் கட்டாதவர். இல்ஃபோர்டில் ஒரு கடையில் ரேடியோ திருத்துபவர். தங்கை வீட்டு மேலறைதான் அவருடைய உலகம். சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணம் போக வழியில்லாமற்போய், சேர்த்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒருநாள் திபெத்துக்குப் புறப்பட்டுவிட்டார். "ஊருக்குப் போகேலாத மனிசன் பனிக்குள்ள பிக்குமாரைப் பாக்கப் போறார்," என்று வசந்தமலரின் கணவர் செல்வரத்தினம் சிரிசிரியென்று சிரித்தார்.

ஆனால் அங்கிருந்து வந்த அட்டைகளைத் தேநீரோடு உரத்து வாசித்தவரும் செல்வரத்தினம்தான். காத்மண்டுவிலிருந்து லொறியில் சாக்யா, பிறகு சிகாட்சே, ஞான்ட்சே, மறுபடி சாக்யா. மடாலயம் இருக்கும் ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு வாசற்படியில் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தாராம். பாட்டில்லாத ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு பிக்குகள் வந்து சூழ்ந்துகொண்டார்களாம். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கிண்ணம் குறையக் குறைய ஊற்றினார்களாம். 'லங்கா என்றால் சிரிக்கிறார்கள், இவர்களுக்கு அது அரக்கர் நாடு. என் பல்லைப் பார்க்கவேண்டுமாம்.' சாக்யாவில் நோர்பு என்ற இளைஞனின் வீட்டில் தங்கினார். கடைசி அட்டையும் அங்கிருந்துதான் வந்தது. 'இங்கே வாசலெல்லாம் பதிவு, குனிந்துதான் நுழையவேண்டும். என் நெற்றி வீங்கிவிட்டது. எனக்காக இவர்கள் வாசல் நிலையை வெட்டி உயர்த்தப் போகிறார்கள். நல்ல சனங்கள், தங்கச்சி.'

அப்படிப்பட்ட மனிதர் திரும்பி வந்தபின் ஒன்றையும் சொல்லவில்லை.

கேட்டால், "குளிர்," என்பார்.

வசந்தமலர் முதலில் அதைக் களைப்பென்று நினைத்தாள். பிறகு கண் தானாகவே கவனிக்கத் தொடங்கியது. படியில் அவருடைய காலடி வலம் இடம் என்ற வேறுபாடில்லாமல் ஒரே கனமாக விழுந்தது. சாமியறையில் விழுந்து கும்பிடும் மனிதர் இப்போது நெட்டுக்கு நின்று விளக்கைப் பார்த்தார். கரண்டி விழுந்தால் விழுந்ததுதான். சப்பாத்தின் கயிற்றை அவர் அவிழ்த்ததையோ கட்டியதையோ அவள் காணவில்லை.

"முதுகோ, அண்ணை? டொக்டரிட்டக் காட்டுவமே?"

"முதுகுதான்," என்றார். அவள் கொடுத்த சொல்லை அவர் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

எத்தனை தரம் துவைத்தும் அந்த மணம் போர்வையை விட்டுப் போகவில்லை.

அந்த மாதந்தான் அவளுடைய ஒரே மகள் கிரிஜா பெரியபிள்ளையானாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே தண்ணீர் வார்ப்பதென்று முடிவாயிற்று. தாய்மாமன்தான் முதலில் பிள்ளையின் உச்சந்தலையில் பாலும் அறுகும் வைக்கவேண்டும், அதன்பிறகுதான் மற்றவர்கள். சேதியைச் சொன்னபோது, வந்த நாளிலிருந்து எதிலும் பட்டுக்கொள்ளாத யோகராஜாவின் முகம் முதல் தடவையாக அசைந்தது.

"நான்தான் வைக்க வேணும்," என்றார்.

"வேற ஆர் அண்ணை வைக்கிறது?"

"வேற ஒருத்தரும் வைக்கக் கூடாது."

வசந்தமலருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அண்ணன் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறார் என்று நினைத்தாள்.

சடங்குக்கு முன் வந்த வியாழக்கிழமை, பின்னேரம், மணி அடித்தது. செல்வரத்தினம்தான் கதவைத் திறந்தார். கன்னம் சிவந்த ஓர் இளைஞன், தனக்குப் பெரிதாக இருந்த கோட்டோடு நின்றான். செல்வரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மத் தொடங்கிவிட்டான். பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பட்டுத் துணியை எடுத்து அவருடைய கழுத்தில் போட்டான்.

அவன் நோர்பு. கம்பளம் விற்கும் முதலாளியோடு காத்மண்டுவிலிருந்து லண்டன் வந்தவன். உள்ளே வந்து உட்கார்ந்து, உடைந்த ஆங்கிலத்தில், சொல்லுக்குத் தேடித்தேடிப் பேசினான்.

"ராஜா அண்ணனின் குடும்பத்திடம் துக்கம் கேட்க வந்தேன். எங்கள் வீட்டில் அவர் சாகும்படி ஆயிற்று. மன்னிக்கவேண்டும்."

செல்வரத்தினம் சிரித்தேவிட்டார். "தம்பி, ஆள் மாறி வந்திட்டீர். மச்சான் மேல நிக்கிறார்."

நோர்பு சிரிக்கவில்லை.

மேலே பலகை முனகியது. ஒரே கனமான காலடி, அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

நோர்பு தலையை உயர்த்தி முகட்டைப் பார்த்தான். கன்னத்துச் சிவப்பு வடிந்துபோயிற்று. குரலைத் தணித்து, தேநீரோடு வந்து நின்ற வசந்தமலரிடம் கேட்டான்.

"அவர் குனிகிறாரா?"

அவள் தேநீர்க் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள்.

காய்ச்சலும் மூச்சுமுட்டலுமாக இரண்டு நாள் கிடந்து யோகராஜா இறந்தார் என்றான் நோர்பு. முகத்தைத் துணியால் மூடி, பிக்குகளை அழைக்க மடாலயத்துக்குப் போனார்கள். அவர்களோடு திரும்பி வந்தபோது அறையில் துணி மட்டும் கிடந்தது.

"எங்கள் ஊரில் வாசலைப் பதிவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. செத்து எழுந்ததற்குக் குனிய வராது. பதிவான வாசலை அதனால் தாண்ட முடியாது. அண்ணனுக்கு நெற்றி அடிபடுகிறதே என்று நாங்கள்தான் நிலையை வெட்டினோம். வெட்டவேண்டாம் என்று அம்மா அழுதாள். விருந்தாளி மேலிருந்த அன்பில் நாங்கள் கேட்கவில்லை."

"எழும்பினால் என்ன செய்யும்?" வசந்தமலர் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

நோர்பு தன் உள்ளங்கையை விரித்தான். தன் தலைமேல் வைக்கப் போனவன், வைக்காமல் எடுத்துக்கொண்டான்.

"யாருடைய தலையில் கையை வைக்கிறதோ, அவர்களும் அப்படியாவார்கள். அவசரப்படாது. தலை தானாக வருமட்டும் காத்திருக்கும்."

மேலே காலடி நின்றது.

நோர்பு தேநீரைக் குடிக்காமலே எழுந்தான். அந்த வீட்டின் உயரமான வாசலில், தேவையே இல்லாமல், தலையைத் தாழ்த்திக் குனிந்து வெளியேறினான்.

"விசர்க்கதை," என்றார் செல்வரத்தினம். "கம்பளம் விக்க வந்தவன் கதையையும் சேத்து விக்கிறான். நாளைக்கு விசாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி வருவான், பார்."

"ஒண்டும் கேக்கேல்லையே அவன்."

"கேப்பான். நீ என்ன, உன்ர சொந்த அண்ணையைப் பேயெண்டு சொல்லப் போறியோ?"

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. முதுகு நோகும் ஒரு பாவப்பட்ட மனிதரைச் சந்தேகித்தால் எத்தனை பெரிய பாவம். சந்தேகிக்காமல் விட்டால், பிள்ளை. இரண்டு நாளும் அவள் மகளைத் தன் கண்பார்வையில் வைத்திருந்தாள். கடைசியில் ஒரு வழி தோன்றியது. தலையணை உயரமே உள்ள ஒரு தாழ்வான பலகை. அதில் கிரிஜாவை இருத்துவது. அண்ணன் குனிந்து பால் வைத்தால் அவர் அண்ணன்தான். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம். அவர் குனியவேண்டுமென்று முருகனை அப்படி மன்றாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். கதிரைகளைக் கொல்லைப்புறம் தள்ளியிருந்தார்கள். வெட்கமோ கால் விறைப்போ, கிரிஜாவை இரண்டு பெண்கள் தோளில் பிடித்துத்தான் பலகையில் இருத்தவேண்டியிருந்தது. வசந்தமலர் பால் கிண்ணத்தை அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் அறுகம்புல்லைப் பாலில் தோய்த்தார். பிள்ளையின் முன்னால் வந்து நின்றார்.

நின்றார்.

விரலில் இருந்து பால் சொட்டி நிலத்தில் விழுந்தது.

செல்வரத்தினத்தின் தமக்கை கனகாம்பிகை, இரக்கமுள்ள மனுஷி, முன்னுக்கு வந்தாள். "ஐயோ, யோகராஜாவுக்கு முதுகு ஏலாதெல்லோ? பிள்ளையைத் தூக்கிக் கதிரையில இருத்துங்கோவன். ஆராவது ஒரு கதிரை கொண்டு வாங்கோ!"

கதிரை வந்தது.

"வேண்டாம் மச்சாள்." வசந்தமலர் அதைக் காலால் தடுத்தாள். "அண்ணை குனிஞ்சு வைக்கட்டும்."

"என்ன கதை கதைக்கிறாய்? வருத்தக்காரன்!"

"குனிஞ்சு வைக்கட்டும்."

யாரோ ஒருத்தி, "கூடப்பிறந்தவளோ இவள்?" என்று முணுமுணுத்தாள்.

வசந்தமலர் அண்ணனுடைய கண்ணைப் பார்த்தாள். 'ஒருக்கா, அண்ணை. ஒரேயொருக்கா.'

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. நோவுமில்லை.

கிண்ணத்தைக் கனகாம்பிகையின் கையில் கொடுத்தார். "சரி, தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். சனம் விலகி வழிவிட, தெருக் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் நடந்தார். குடையும் எடுக்கவில்லை. அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. பொலிஸில் சொல்லியும் பலனில்லை. எந்தத் திதியில் அண்ணனுக்குச் சோறு படைப்பதென்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

மாமன் முறைக்கு இன்னொருவரைப் பிடித்துச் சடங்கை முடித்தார்கள். பின்னேரம் சனம் போயிற்று. செல்வரத்தினம் கதவை அறைந்து சாத்திவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டார். மேல்மாடியில் கிரிஜாவின் அறையில், கண்ணாடி முன்னால் நின்ற மகளின் பின்னலை வசந்தமலர் அவிழ்த்துச் சீவினாள். பிள்ளை தப்பிவிட்டது. ஊர் என்னவும் சொல்லட்டும்.

"அம்மா, மாமாவை ஏன் அப்பிடிப் பேசினனீங்கள்? பாவம் அவர்."

"அது பெரியாக்களின்ர விசயம்."

"அவர்தான் ஏற்கெனவே வச்சிட்டாரே."

சீப்பு நின்றது. "என்னத்தை?"

"தலையில கை. காலமை. நீங்கள் கீழ பால் காய்ச்சிக்கொண்டு நிக்கேக்க வந்தவர்."

"நீ எங்க இருந்தனி?"

"படுத்திருந்தனான்."

சடங்குவரை கிரிஜா படுத்தது நிலத்தில் விரித்த மெத்தையில். பலகையைவிடவும் தாழ்வு. வசந்தமலரின் நெஞ்சு ஒருகணம் திறந்துகொண்டது. அவ்வளவு தாழக் கை வைத்தாரென்றால் அது அண்ணன். முதுகு நோவோடு, மருமகளுக்காகக் குனிந்த அவளுடைய சொந்த அண்ணன். சபையில் வைத்து அவமானப்படுத்தித் துரத்திவிட்டாளே. ஓடிப்போய்த் தேடவேண்டும். ஸ்டேசனில் பார்க்கவேண்டும்.

"அப்ப அவர் குனிஞ்சவரோ, பிள்ளை? வடிவா யோசிச்சுச் சொல்லு. குனிஞ்சவரோ?"

"இல்லையம்மா," என்றாள் கிரிஜா. "'எழும்பி நில்லு' எண்டவர். எழும்பி நிண்டனான்."

சீப்பு வசந்தமலரின் கையிலிருந்து நழுவி, மகளின் காலடியில் விழுந்தது.

"அதை எடு," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "எடு, பிள்ளை."

கிரிஜா சீப்பைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு, கால் பெருவிரலால், அதை மெல்ல அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டாள்.